படத்தை அமுக்கிய ஆச்சி: சின்னம், பட்டன், அதிகாரம்

2001 மே மாதம் நடந்த சட்டமன்றத் தேர்தலில் எங்கள் ஆச்சியின் ஓட்டு யாருக்கு விழுந்தது என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை தீராத வழக்கு. அந்தத் தேர்தலில்தான் தமிழ்நாடு முழுவதற்கும் ஓட்டு மிஷின் வந்தது. நான் ஆறாவது முடித்திருந்தேன். இலஞ்சியில் பள்ளிக்கூட வாசலில் ஆச்சியின் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தவளின் முகம் சரியில்லை.

"படத்து மேலதாம்ல அமுக்குனேன். ஒண்ணும் நடக்கல. இன்னொருக்க அழுத்தி அமுக்குனேன். அப்பமும் ஒண்ணுமில்ல. உள்ள இருந்த சார்வா 'பக்கத்துல இருக்க பட்டன அமுக்குங்க ஆச்சி'ன்னு சத்தங் குடுத்தாவ. எதையோ அமுக்குனேன். கீ...ன்னு ஒரு சத்தம். போதும்னு வந்துட்டேன்."

'எதையோ' என்ற அந்தச் சொல்லை வைத்து மாமாக்கள் வெகுகாலம் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆச்சி செய்தது தவறே அல்ல, அவளளவில் அது மிகச் சரியான வாசிப்பு என்பது எனக்குப் புரியப் பல வருடங்களாயின. எம்.ஏ.யில் சசூரும் பியர்ஸும் பாடமாக வந்தபோதுகூடப் புரியவில்லை. (நம் கல்லூரிகளில் குறியியல் தேர்வுக்கு முந்திய இரவில் தொடங்கி மறுநாள் மதியம் முடிந்துவிடுகிற ஒரு துறை.) புரியவைத்தது தங்கையின் மகன்.

கணினியில் ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மேலே கருவிப்பட்டையில் வரிசையாக நிற்கும் சிறுபடங்களில் ஒன்றைக் காட்டி, "மாமா, இது என்னது, பீரோவா?" என்றான். அவன் காட்டியது சேமிப்பதற்கான படம், அதாவது ஃபிளாப்பி. மூன்றரை அங்குலச் சதுரத் தகடு. சோனி நிறுவனம் 2011 மார்ச்சோடு அதன் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. பையன் பிறந்ததே அதற்குப் பிறகுதான். அவனுக்கு அது எந்தப் பொருளின் படமும் இல்லை. ஆனால் அதைத் தட்டினால் எழுதியது பத்திரமாகும் என்பது மட்டும் தெரியும். "பீரோன்னா பூட்டி வைக்கிறதுதானே" என்று அவனே ஒரு காரணமும் சொன்னான். தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு படம் தெளிவாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? படத்திற்கும் பொருளுக்கும் உள்ள ஒற்றுமையை வைத்தா, பழக்கத்தை வைத்தா? பழக்கம் எனில், அந்தப் பழக்கத்தை உண்டாக்கும் அவகாசம் யாருக்குக் கிடைக்கிறது?

*

கணினித் திரையின் சிறுபடங்களுக்கு மேற்கில் எழுதப்பட்டிருக்கும் வரலாறு பெரும்பாலும் கலிஃபோர்னியாவில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். டேவிட் கேன்ஃபீல்ட் ஸ்மித் 1975இல் ஸ்டான்ஃபோர்டில் கொடுத்த ஆய்வேட்டில் 'ஐகான்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். கிழக்கத்திய கிறித்தவத் திருவுருவங்களுக்குரிய சொல் அது. 1981இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டார்' கணினி வருகிறது. திரையே ஒரு மேசை. அதன்மேல் காகிதம், கோப்புறை, கோப்பு அலமாரி, வரும் தபால் தட்டு, போகும் தபால் தட்டு. அந்தப் படங்களை நான்கு தொகுதிகளாக வரைந்து, ஆட்களை உட்காரவைத்து, எது சட்டென்று புரிகிறது என்று சோதித்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 1984இல் ஆப்பிளின் மெக்கின்டாஷுக்காக சூசன் கேர், 32க்கு 32 புள்ளிக் கட்டத்திற்குள் குப்பைத்தொட்டியையும் தூரிகையையும் அடக்கினார். இந்த வரலாறு பொய்யல்ல. ஆனால் அதிலுள்ள 'எல்லோருக்கும் புரிகிற படம்' என்ற சொல்லில் 'எல்லோரும்' யார்? அலுவலக மேசையும் அதன்மேல் தட்டுகளும் உள்ளவர்கள். தாலுகா ஆபீஸில் கோப்பு என்பது நாடா போட்டுக் கட்டிய அட்டை. காது வைத்த மஞ்சள் உறையைக் கோப்பு என்று நாம் கற்றுக்கொண்டது கணினிக்குப் பிறகுதான். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேடிஇ போன்ற கட்டற்ற மென்பொருள்களின் திரைகளைத் தன்னார்வலர்கள் தமிழாக்கியபோது சொற்கள் மாறின, மஞ்சள் உறை மாறவில்லை. டிடிபி சென்டர்களில் எழுத்தைத் தடிப்பாக்க 'பி'யை அமுக்கு என்பார்கள். அது ஓர் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து என்று தெரியாமலே பல்லாயிரம் கல்யாணப் பத்திரிகைகள் தடிப்பாகின. எழுத்தே அங்கே படமாகிவிட்டது.

ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்கள் ஒரே காலகட்டத்தில் ஒரு படத்தைப் பார்த்து, புரிந்து, அதன்மீது ஒரு செயலைச் செய்யவேண்டும் என்ற பிரச்சினை ஜெராக்ஸுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே டெல்லியில் ஓர் அரசு அலுவலகத்தின் முன் நின்றது. 1951 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றோர் 18.3 சதவீதம். முதல் பொதுத் தேர்தலின் வாக்காளர்கள் 17 கோடியே 30 லட்சம் பேர். சுகுமார் சென் தலைமையிலான தேர்தல் ஆணையம் படத்தைத் தேர்ந்தெடுத்தது. அதன் தோல்விக்கான விலை ஒரு கடிதம் சேமிக்கப்படாமல் போவது அல்ல. ஆட்சியே தவறிப்போகும்.

பென்சிலை வைத்துக்கொண்டு செய்த இந்த வேலைக்கு வடிவமைப்பு வரலாற்று நூல்களில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். அலுவலகக் குமாஸ்தாக்கள் செய்ததைக் கலை என்று யாரும் சொல்வதில்லை.

*

முதல் தேர்தலில் அகில இந்தியக் கட்சிகளாக ஏற்கப்பட்ட 14 கட்சிகளுக்குச் சின்னங்கள் ஒதுக்கப்பட்டன. காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை. சோஷலிஸ்டுகளுக்கு மரம். கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை. கம்யூனிஸ்டுகளுக்குக் கதிரும் அரிவாளும். ஜனசங்கத்துக்கு விளக்கு. அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்கு யானை. இன்று படிக்கும்போது வேடிக்கையாக இருப்பவை இரண்டு: கை அப்போது ஃபார்வர்டு பிளாக்கின் ஒரு பிரிவிடம் இருந்தது. உதயசூரியன் ராம ராஜ்ய பரிஷத்திடம் இருந்தது! சநாதனத்தின் சின்னமாக இருந்த அதே சூரியன் சில ஆண்டுகளில் பகுத்தறிவு பேசிய கட்சியின் சின்னமாகிறது. 1957இல் 15 இடங்களை வென்ற தி.மு.க. 1958இல் மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றபோது உதயசூரியன் அதற்கு நிலைத்தது. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உள்ள உறவு தன்னிச்சையானது என்ற சசூரின் வாக்கியத்தை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

பியர்ஸ் குறிகளை மூன்றாகப் பிரிப்பார்: ஒத்த உருவத்தால் பொருள் தருவது, சுட்டிக்காட்டிப் பொருள் தருவது, மரபால் பொருள் தருவது. தேர்தல் சின்னம் பார்வைக்கு முதல் வகை. செயல்பாட்டில் மூன்றாம் வகை. சூரியன் சூரியனைப் போல இருக்கிறது, ஆனால் சூரியனைக் குறிப்பதில்லை.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் இது இன்னும் விநோதம். இலஞ்சிக்கு மேற்கே மலை. குற்றாலத்து மலைகளுக்குப் பின்னால் சூரியன் விழுவதைத்தான் நாங்கள் தினமும் பார்க்கிறோம். கிழக்கே வெளி. ஆக, இரண்டு மலைக்கு நடுவே பாதிச் சூரியன் என்றால் எங்கள் கண்ணுக்கு அது அஸ்தமனம். ஆனாலும் இந்த ஊரில் எந்தப் பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்தாலும் இரண்டு மலை, நடுவில் பாதி வட்டம், குச்சி குச்சியாகக் கதிர் போட்டு, 'உதயசூரியன்' என்றுதான் சொல்லும். கண் பார்த்ததைச் சுவர் தோற்கடித்துவிட்டது. சுண்ணாம்புச் சுவரில் காவியும் நீலமும் கொண்டு அறுபது வருடம் எழுதப்பட்ட படம் அது.

பக்கத்தில் குற்றாலத்தில் சித்திர சபை இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் அங்கே மட்டும் அவர் சுவரோவியம். வணங்கப்படுவதே படம்தான். சின்ன வயதில் அந்தச் சுவர்களைப் பார்த்து எனக்கு எதுவும் விளங்கியதில்லை. யானை, குதிரை, முனிவர், ஏராளமான கைகள். ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் சுவரைச் சுவராகப் படிப்பாள், இது இன்னார், இது இன்ன இடம் என்று. படிக்கத் தெரியாதவருக்குப் படம் எளிது என்பதை அந்தச் சபையில் வைத்தே நான் சந்தேகிக்கத் தொடங்கினேன். படத்துக்கும் படிப்பு உண்டு. அது கதையாகவும் திருவிழாவாகவும் கிடைத்த படிப்பு.

ஆணையத்தில் சின்னங்களை வரைந்தவர் எம்.எஸ். சேத்தி என்ற வரைவாளர். 1992இல் ஓய்வு பெற்றார். அதிகாரிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அன்றாட வாழ்வில் புழங்கும் பொருள்களின் பெயர்களைச் சொல்லச் சொல்ல அவர் பென்சிலால் வரைந்தார் என்று சொல்லப்படுகிறது. அவருடைய பல படங்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. கறுப்புக் கோடு, நிழல் குறைவு, பின்னணி கிடையாது, ஒரு படத்தில் ஒரு பொருள். சூசன் கேர் புள்ளிக் கட்டத்தின் நெருக்கடியில் கண்டடைந்த அதே சிக்கனத்தை சேத்தி மட்டமான காகிதத்தின் நெருக்கடியில் கண்டடைந்திருக்கிறார். சுயேச்சைகளுக்கான பட்டியலைப் பார்த்தால் கிராமபோனும் தபால் பெட்டியும் ஒருபுறம், பின்னாளில் சேர்ந்த லேப்டாப்பும் கணினி மவுசும் மறுபுறம். கணினிக்குள் செத்துப்போன ஃபிளாப்பி வாழ்கிறது. ஆணையத்தின் பட்டியலுக்குள் கிராமபோன் பாடிக்கொண்டிருக்கிறது. எதனாலும் புரிதல் கெடவில்லை. ஆப்பிள் விசைப்பலகையில் உள்ள நான்கு காது முடிச்சும் இப்படித்தான். ஸ்வீடனில் பார்க்க வேண்டிய இடங்களைக் காட்டும் பலகைக் குறியை கேர் எடுத்துக்கொண்டார். விரல் பழகிய பிறகு யாரும் மூலத்தைக் கேட்பதில்லை.

ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லவேண்டும். கருவிப்பட்டைப் படத்தை நாம் அமுக்கலாம், வரைய முடியாது. தேர்தல் சின்னத்தைக் கட்சிக்காரன் வரைந்தான், அரிசி மாவில் கோலமாகப் பெண்கள் போட்டார்கள். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அ.தி.மு.க. வேட்பாளர் மாயத்தேவருக்காக எடுக்கப்பட்ட இரட்டை இலை என்ன செடியின் இலை என்று எவரும் கேட்டதில்லை. இரண்டு விரலை விரித்தால் போதும், இலை வந்துவிடும். 1978க்குப் பின் இந்திரா காங்கிரசுக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை. கையைத் தூக்கினாலே சின்னம். உடம்பால் செய்துகாட்டக்கூடிய படம் மறப்பதில்லை.

*

ஆச்சியின் விஷயத்துக்கு வருகிறேன்.

1952இலும் 1957இலும் ஓட்டுச் சீட்டில் எந்த அடையாளமும் போடவேண்டியதில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். திரைக்குப் பின்னால் போய், வேண்டிய படம் உள்ள பெட்டிக்குள் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். படம் இருக்கும் இடமே செயல் நடக்கும் இடம். ஆனால் சீட்டைப் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு வெளியே வந்து விற்க முடிந்தது. அதனாலும், லட்சக்கணக்கில் பெட்டி செய்யும் செலவாலும், 1960 கேரள, 1961 ஒரிசா இடைக்காலத் தேர்தல்களில் சோதித்துப் பார்த்து, 1962 பொதுத் தேர்தலிலிருந்து சீட்டிலேயே எல்லாப் படங்களையும் அச்சிட்டு, வேண்டிய படத்தின்மேல் முத்திரை குத்தும் முறை வந்தது. ஆச்சியின் முதல் ஓட்டு 1962இல். ஆக அவள் நாற்பது வருடம் படத்தின்மேல் குத்தியவள். குறுக்கு அம்புக்குறி ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி, கோட்டில் படாமல், படத்தின் நடுவில் குத்துவது அவளுக்கு ஒரு கைத்தொழில் போல. 1989இல் கட்சி பிளந்து இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் கொடுக்கப்பட்டபோது மட்டும் திகைத்துப்போய், "எலையக் காணோம்ல" என்று வெறும் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாளாம். அந்தத் தேர்தலில் சேவல் 27 இடம் பிடித்தது. புறா இருந்த இடம் தெரியவில்லை.

இயந்திரம் வந்தபோது படமும் செயலும் முதன்முறையாகப் பிரிந்தன. ஓட்டு மிஷினில் இடப்பக்கம் பெயர், அடுத்துச் சின்னம், வலது ஓரத்தில் நீல பட்டன். படம் வெறும் காகிதம், உயிர் பட்டனில். படத்திலிருந்து கண்ணை வலப்பக்கம் நகர்த்தி, அதே வரிசையில் பட்டனைத் தேடவேண்டும். அதாவது அட்டவணை வாசிக்கத் தெரிய வேண்டும். வரிசையை வரிசையாகப் பார்க்கும் பழக்கம் பள்ளிக்கூடத்தில் கிடைப்பது. எழுத்தறியாதவருக்காக வைத்த படம் எழுத்தறிந்தவரின் ஒழுங்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆச்சி படத்தை அமுக்கியது, 1962 முதல் அரசாங்கமே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த இலக்கணப்படி. அவளைக் கேட்காமல் இலக்கணத்தை மாற்றியவர்கள் அவளைத் தெரியாதவள் என்றார்கள். இன்று செல்போனில் படமே பட்டன். ஆச்சி இருந்தால் தங்கை மகனைவிட லாவகமாக அமுக்கியிருப்பாள். 2011இல் போய்ச்சேர்ந்துவிட்டாள்.

இயந்திரத்தைச் செய்தவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அதன் புறவடிவத்தை பம்பாய் ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்து ஆசிரியர்கள் ஏ.ஜி. ராவும் ரவி பூவையாவும் வடிவமைத்தார்கள். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய பொறியாளர் நம் சுஜாதா. சிறுபத்திரிகைகள் அவர் கதைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சண்டையிட்டன. அவர் கைபட்ட பிரதிகளில் மிக அதிகமான தமிழர்கள் வாசித்த பிரதி இந்த இயந்திரம்தான் என்பதை நாம் கவனிக்கவில்லை. 1982இல் கேரளத்தின் பரவூரில் 50 சாவடிகளில் சோதிக்கப்பட்டு, நீதிமன்றத்தில் தடைபட்டு, 1988இல் சட்டம் திருத்தப்பட்டு, 2001இல் இலஞ்சிக்கு வந்து சேர்ந்தது.

படம் மட்டும் போதாது என்பது இரு துறையினருக்கும் பிந்தித்தான் தெரிந்தது. கருவிப்பட்டையில் எவரும் தொடாத சிறுபடங்களுக்குப் பக்கத்தில் பெயரை எழுதியதும் தொடத் தொடங்கினார்கள் என்பது மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கைச் செய்தவர்களின் அனுபவம். தேர்தல் ஆணையமும் 2015 முதல் சின்னத்தோடு வேட்பாளரின் புகைப்படத்தையும் சேர்த்தது. யாரையும் விரும்பவில்லை என்பதற்கு, அதாவது 'நோட்டா'வுக்கு, 2013இல் பட்டன் வந்தது. படம் வர 2015 ஆயிற்று. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் ஓட்டுச் சீட்டின்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தது. மறுப்புக்கு உருவம் கிடையாது. செய்துமுடித்த காரியத்தை அடித்துத்தான் காட்ட முடிகிறது. மென்பொருள்காரர்களும் இதே இடத்தில்தான் திணறுகிறார்கள். பிறகு ஒப்புகைச் சீட்டு வந்தது. பட்டனை அமுக்கியபின் கண்ணாடிக்குள் எண், பெயர், சின்னம் மூன்றும் ஏழு விநாடி தெரிந்து உள்ளே விழும். ஆச்சி கேட்டதும் இதைத்தான். 'யாருக்கு விழுந்துச்சுன்னு அது சொல்லணுமா இல்லையா?'

*

இனி எழுதப்போவது வடிவமைப்பு நூல்களில் வராத பகுதி.

ஒரு மிஷினில் 16 வரிசை. யார் முதல் வரிசை? முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அடுத்து பதிவு மட்டும் பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் அகர வரிசை. கண் முதலில் விழும் இடம் ஏற்கெனவே வென்றவனுக்கு. 1968ஆம் ஆண்டின் சின்னங்கள் ஒதுக்கீட்டு ஆணைப்படி நிரந்தரச் சின்னமும் அவனுக்குத்தான். மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற உள்ள வழிகளில் ஒன்று, 6 சதவீத ஓட்டும் 2 சட்டமன்ற இடமும். மற்றவர்களுக்கு வேட்புமனு வாபஸ் முடிந்த பின்புதான் சின்னம் கிடைக்கும். வாபஸுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையில் சட்டம் தரும் குறைந்தபட்ச அவகாசம் 1996இல் 20 நாளிலிருந்து 14 நாளாகக் குறைக்கப்பட்டது. சூரியனுக்கு அறுபது வருடச் சுவர். சுயேச்சையின் கிராமபோனுக்குப் பதினான்கு நாள். சேத்தி இரண்டையும் ஒரே தெளிவோடுதான் வரைந்தார்!

அதே 1996இல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 1033 பேர் வேட்பாளர்கள். தங்கள் கோரிக்கைகளைக் கேட்க ஆளில்லை என்று விவசாயிகள் கூட்டமாக மனுப் போட்டார்கள். ஓட்டுச் சீட்டு புத்தகமாயிற்று. அதைச் செய்தித்தாள்கள் கேலிக்கூத்தாக எழுதின. திரையில் ஆயிரம் படம் வைத்தால் கருவிப்பட்டை செத்துப்போகும் என்பது எந்த வடிவமைப்பாளனுக்கும் தெரியும். விவசாயிகளுக்கும் அது தெரிந்திருந்தது. அவர்கள் செய்தது பட்டையைத் திட்டமிட்டு நிரப்பிய போராட்டம்.

எங்கள் தென்காசி மக்களவைத் தொகுதி தனித் தொகுதி. 2024இல் அங்கே புதிய தமிழகம் கட்சியின் கிருஷ்ணசாமி நின்றார். இரட்டை இலையில். தமிழக மக்கள் முன்னேற்றக் கழகத்தின் ஜான் பாண்டியன் நின்றார். தாமரையில். வென்றது உதயசூரியன். 1995 கொடியங்குளத்திற்குப் பின் தென்மாவட்டங்களில் தனக்கென்று ஒரு குரலைக் கண்டெடுத்த அரசியல், கால் நூற்றாண்டு கழித்து, தன் மக்கள் பெரும் எண்ணிக்கையில் வாழும் தொகுதியிலேயே தனக்கென்று ஒரு படம் இல்லாமல் இரவல் படத்தில் நின்றது. இந்தத் தலைவர்களின் கூட்டணி முடிவுகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது வேறு விவாதம். ஆனால் பொறி இருக்கும் இடத்தைப் பாருங்கள். இரவல் சின்னத்தில் நின்றால் விழும் ஓட்டு சின்னத்தின் சொந்தக்காரர் கணக்கில் சேரும். அங்கீகாரத்துக்கு வேண்டிய 6 சதவீதம் சேராது. சொந்தச் சின்னம் கிடைக்காது. அடுத்த முறையும் இரவல். அதே தேர்தலில் நாம் தமிழர் கட்சி பழக்கியிருந்த 'கரும்பு விவசாயி' கர்நாடகத்துக் கட்சி ஒன்றுக்குப் போய்விட, மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் முதலிலிருந்து பழக்க வேண்டியிருந்தது. சிதம்பரத்தில் பானையைப் பிடித்துக்கொண்டு நின்ற விடுதலைச் சிறுத்தைகளின் பிடிவாதத்தை இந்த வெளிச்சத்தில்தான் மதிப்பிட வேண்டும்.

தெளிவு ஒரு சொத்து என்பதால் திருட்டும் நடக்கிறது. 2017 மார்ச்சில் இரட்டை இலை முடக்கப்பட்டு, ஆர்.கே. நகரில் ஓ. பன்னீர்செல்வம் அணிக்கு இரட்டை விளக்கு மின்கம்பம் கிடைத்தது. அதை இரட்டை இலைபோலத் தோன்றும்படி காட்டிப் பிரச்சாரம் செய்கிறார்கள் என்று எதிரணி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2024இல் மராட்டியத்தின் சதாராவில் நடந்தது இதைவிட நுட்பம். சரத் பவார் கட்சியின் சின்னம் 'துத்தாரி' ஊதும் மனிதன். ஒரு சுயேச்சையின் சின்னம் சிறிய ஊதுகொம்பு. படங்கள் இரண்டும் ஒன்றுபோல இல்லை. ஆனால் ஊதுகொம்புக்கும் மராத்தியில் 'துத்தாரி' என்றே பெயர் போட்டிருந்தார்கள். சுயேச்சை 37 ஆயிரத்துச் சொச்சம் வாங்கினார். கட்சி தோற்றது 32 ஆயிரத்துச் சொச்சத்தில். படம் சரி, பக்கத்தில் எழுதிய சொல் கவிழ்த்துவிட்டது. கருவிப்பட்டைக்குத் தமிழ்ச் சொல் போடும் நண்பர்கள் இந்தச் சம்பவத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

*

அப்படியானால் எல்லோருக்கும் புதுச் சின்னம் என்று வைத்துவிட்டால் சமமாகிவிடுமா? அதற்கும் நம்மிடம் ஒரு சோதனைச்சாலை இருக்கிறது. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சி கிடையாது. எல்லோருக்கும் சுயேச்சைச் சின்னம், எல்லோருக்கும் அதே சில நாட்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால் இங்கே ஊரகத் தேர்தல் தள்ளிப்போய் 2021 அக்டோபரில் நடந்தது. இலஞ்சி பேரூராட்சி என்பதால் எங்களுக்கு அதில் ஓட்டு இல்லை. பக்கத்துக் கிராமத்தில் வாக்கப்பட்டுப் போன அத்தையைப் பூத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே இன்னும் காகிதச் சீட்டு, இன்னும் முத்திரை, ஆச்சியின் பழைய இலக்கணம். ஆளுக்கு நான்கு ஓட்டு, அதனால் நிறம்: வார்டுக்கு வெள்ளை அல்லது நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வடிவமைப்பாக மட்டும் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் 2006 வரை தலித் தலைவர் ஒருவரை உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கும் சீட்டும் சின்னமும் தெளிவாகத்தான் விளங்கின.

அத்தை நான்கு சீட்டையும் பிழையில்லாமல் குத்திவிட்டு வந்தாள். புதுச் சின்னத்தையெல்லாம் எப்படி நினைவு வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று கேட்டதுபோல என்னைப் பார்த்தாள்.

"சின்னத்தப் பாத்தா போடுதோம்? தெருவப் பாத்துல்லா போடுதோம். நம்ம தெருவுக்கு இன்ன சின்னம்னு ராத்திரியே சொல்லிட்டுப் போயிட்டாவ."

அவள் இளஞ்சிவப்புச் சீட்டில் குத்தியது பூட்டு சாவி. பூட்டு சாவிக்காரர் எங்கள் ஆட்கள்தான்.